பிள்ளையின் காதுபட நாம் செய்யும் ஜெபம்

பாளை அம்மா (இழை தொடங்கியவர்)

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். இரண்டு நாளாக மனசு சரியில்லை. வீட்டில் சொன்னால் "இதுக்குப் போயா இப்படி" என்பார்கள். அதனால் இங்கே எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் ராத்திரி எட்டரைக்குக் குடும்ப ஜெபம். பாய் விரித்து, ஒரு பாட்டு, ஒரு சங்கீதம், அப்புறம் ஆளுக்கொரு ஜெபம், கடைசியில் எல்லாரும் சேர்ந்து பரமண்டல ஜெபம். என் அம்மா வீட்டிலும் இதே முறைதான். மகனுக்கு ஏழு வயது, இரண்டாம் வகுப்பு. திங்கட்கிழமை கணக்குப் பரீட்சைத் தாளைக் கொடுத்திருக்கிறார்கள். இவன் ஒளித்துவைத்துவிட்டு, "இன்னும் தரலம்மா" என்று சொன்னான். அம்மாக்களின் வாட்ஸ்அப் குழுவில் எல்லாரும் மார்க் பேசிக்கொண்டிருந்ததால் எனக்குத் தெரிந்துபோயிற்று. அவனிடம் திரும்பக் கேட்கவில்லை. ஜெபத்தில் வைத்துவிட்டேன். "ஆண்டவரே, பொய் பேசுகிற உதடுகளை இந்த வீட்டைவிட்டு அகற்றும். பெற்றவர்களிடம் மறைக்கிற பிள்ளைக்கு உணர்வைத் தாரும்" என்று சத்தமாக ஜெபித்தேன். என் முழங்காலுக்குப் பக்கத்தில் அவனுடைய சின்ன முழங்கால். நான் முடித்தபோது அவன் ஆமென் சொல்லவில்லை.

படுக்கும்போது சுவரைப் பார்த்துக்கொண்டு கேட்டான்: "எம்மா, நீ என்னப் பத்தி ஏசப்பாட்ட கோள் சொல்லுதியா?" நான் பதில் தேடுவதற்குள் அடுத்தது: "இனிமே ஏசப்பா என்கூடப் பேச மாட்டாங்களா?"

அப்படியெல்லாம் இல்லை மக்கா என்று சொல்லித் தட்டிக்கொடுத்துத் தூங்கவைத்தேன். எனக்குத் தூக்கம் வரவில்லை. யோசித்துப் பார்த்தால், கண்ணை மூடிக்கொண்டு நான் பேசியது ஆண்டவரிடம் இல்லை, அவனிடம். நேராகத் திட்டியிருந்தால் அவனும் அழுதிருப்பான், நானும் அணைத்திருப்பேன், அதோடு முடிந்திருக்கும். ஜெபத்தில் வைத்ததால் அவனால் பதிலும் சொல்ல முடியவில்லை, அழவும் முடியவில்லை. நானும் இப்படிப்பட்ட ஜெபங்களைக் கேட்டு வளர்ந்தவள்தான். அப்போது என்ன நினைத்தேன் என்பதே மறந்துவிட்டது.

நீங்கள் பிள்ளைகளோடு எப்படி ஜெபிக்கிறீர்கள்? அவர்களுடைய குறையை எங்கே வைத்து ஜெபிப்பது? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

---

தோவாளைப் பூ

அக்கா, படித்ததும் நெஞ்சு அடைத்துவிட்டது. எனக்கு இது வேறு மாதிரி. கல்யாணமான புதிதில் என் மாமியார் ராத்திரி ஜெபத்தில், "வீட்டுக்கு வந்த பிள்ளைக்குச் சிக்கனத்தைக் கற்றுக்கொடும்" என்று தினமும் வேண்டுவார்கள். இருபத்து நான்கு வயதில் எனக்கே அழுகை வரும். ஏழு வயதுப் பிள்ளைக்கு எப்படி இருந்திருக்கும்!

---

கிராமத்து ஐயரம்மா

தங்கச்சி, முதலில் ஒன்று. உன் மகன் கேட்டது நல்ல கேள்வி. ஆண்டவர் தன்னோடு பேசமாட்டாரோ என்று ஒரு பிள்ளை பயப்படுகிறான் என்றால், இதுவரை பேசிக்கொண்டிருந்தார் என்று நம்பியிருக்கிறான். அந்த நம்பிக்கையை நீதான் கொடுத்திருக்கிறாய்.

போதகரான என் வீட்டுக்கார ஐயருக்குச் சபை மாறும்போதெல்லாம் நானும் ஊர் ஊராகப் போய் இருபது வருஷத்துக்கு மேலாகப் பெண்கள் கூட்டம் நடத்துகிறேன். வேதத்தில் வரும் அன்னாளைப் பற்றிப் பேசாத அன்னையர் கூட்டம் கிடையாது. பிள்ளையில்லாமல் சீலோவிலிருந்த ஆலயத்துக்குப் போய் அழுதாள், சாமுவேலைப் பெற்றாள், கர்த்தருக்குக் கொடுத்தாள். அவ்வளவோடு முடித்துவிடுவோம். நான் சொல்ல நினைப்பது அதிலுள்ள இரண்டு சின்ன விஷயங்களை.

ஒன்று, அவளுடைய உதடுகள் மட்டும் அசைந்தன, சத்தம் கேட்கவில்லை. கிட்ட உட்கார்ந்திருந்த ஆசாரியன் ஏலிக்கே விளங்காமல், குடித்திருக்கிறாள் என்று நினைத்துவிட்டான். வீட்டில் அவளைப் புண்படுத்திய சக்களத்தி பெனின்னாள் இருந்தாள், அவளைப் பற்றிச் சொல்ல அன்னாளுக்கு எவ்வளவோ இருந்திருக்கும். ஒரு வார்த்தைகூட அடுத்தவர் காதில் விழவில்லை. "மனக்கிலேசமுள்ள ஸ்திரீ" என்று தன்னைத்தான் சொன்னாள்.

இரண்டாவது, பிள்ளையை ஆலயத்தில் விட்டபிறகு அவள் என்ன செய்தாள் என்பது. வருஷத்துக்கு ஒருமுறை பலியிடப் போகும்போது ஒரு சின்னச் சட்டை தைத்துக் கொண்டுபோவாள் என்று 1 சாமுவேல் 2-இல் இருக்கிறது. நான் தையல் தெரிந்தவள். கண்ணெதிரில் இல்லாத பிள்ளைக்குச் சட்டை தைப்பது லேசான காரியம் இல்லை. போன வருஷம் பார்த்த தோளை மனசில் வைத்து, இந்த வருஷம் எவ்வளவு வளர்ந்திருப்பான் என்று கணக்குப் போட வேண்டும். கை நீளத்துக்குக் கொஞ்சம் கூட விட வேண்டும். துணியை மடித்து வெட்டும் ஒவ்வொரு தடவையும் அந்தப் பிள்ளையை நினைத்துத்தான் வெட்ட முடியும். அந்தச் சட்டையைத் தைத்தபோது அவள் என்ன ஜெபித்தாள் என்று வேதத்தில் எழுதியில்லை. ஆனால் சாமுவேல் வருஷம் முழுக்கப் போட்டிருந்தது அதைத்தான்.

என் பெரியவள் ஹாஸ்டலில் படித்தபோது எனக்கு இது புரிந்தது. அவளுக்காக விடியற்காலையில் மணிக்கணக்காக ஜெபித்திருக்கிறேன். அது அவளுக்குத் தெரியாது. தெரிந்ததெல்லாம், மாதத்துக்கு ஒருமுறை நான் பொட்டலம் கட்டிக் கொண்டுபோன முந்திரிக்கொத்தும், கிழிந்த பாவாடையைத் தைத்துக் கொடுத்ததும்தான். இப்போது அவளுக்கும் பிள்ளை இருக்கிறது. "அம்மா ஜெபிச்சது அந்தப் பொட்டலத்துல இருந்துச்சு" என்கிறாள்.

குறையைத் தனியாகச் சொல், ஆண்டவரிடம். பிள்ளை பக்கத்தில் இருக்கும்போது அவனுக்காக நன்றி சொல். நான் அப்படித்தான் பழகிக்கொண்டேன், அதுவும் இரண்டாவது பிள்ளைக்குத்தான்.

---

விதைக்கிறவன்

சகோதரிகள் மன்னிக்கணும், எனக்கு இதில் முழுச் சம்மதம் இல்லை. நான் இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன். பிரம்பைக் கையாடாதவன் தன் மகனைப் பகைக்கிறான் என்று நீதிமொழிகள் சொல்கிறது. அவன் பொய் சொன்னான், அது பாவம். அதைத் தேவ சமூகத்தில் சொல்வதில் என்ன தப்பு? என் அப்பா ஜெபத்தில் என் பெயரைச் சொல்லித்தான் கண்ணீர்விடுவார். அந்தப் பயம்தான் என்னைக் காப்பாற்றியது. பிள்ளையின் மனம் நோகாமல் வளர்க்க வேண்டும் என்று பார்த்தால் கடைசியில் யார் பேச்சையும் கேட்காமல் போய்விடுவார்கள். தாயின் பட்சம் வேண்டும், அதற்கு ஒரு அளவும் வேண்டும்.

---

கரிசல்காட்டான்

விதைக்கிறவன் அண்ணனுக்கு ஒரு பதில். சண்டைக்காக இல்லை.

எனக்கு 36 வயது. கோவில்பட்டிப் பக்கம். அம்மா தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்த்து எங்களை வளர்த்தாள். விடியற்காலை நாலரைக்கு எழுந்து, அடுப்படியில் முட்டங்கால் போட்டு, சத்தமாகத்தான் ஜெபிப்பாள். ஒரே அறை வீடு. நாங்கள் தூங்குவதாக நினைத்துக்கொள்வாள். நான் போர்வைக்குள் விழித்துக்கொண்டு கேட்பேன். அவள் ஜெபத்தில் என் தப்பெல்லாம் வரும். திருட்டுத்தனமாகப் படம் பார்த்தது, பீடி குடித்தது, எதையும் விடமாட்டாள். பத்தொன்பது வயதில் நான் சபைக்குப் போவதை நிறுத்தியதற்கு அந்தக் குரலும் ஒரு காரணம். கர்த்தருடைய வீட்டில் என்மேல் ஒரு பெரிய புகார்ப் புத்தகம் இருப்பதுபோல் இருக்கும்.

திருப்பூரில் பனியன் கம்பெனியில் ஆறு வருஷம். ஊருக்கு வந்தால்கூடக் கோயில் பக்கம் போகமாட்டேன். ஒரு தடவை ராத்திரி ரொம்ப நேரம் கழித்து வந்து சேர்ந்து, திண்ணையிலேயே படுத்துவிட்டேன். நான் வந்தது அம்மாவுக்குத் தெரியாது. நாலரைக்கு உள்ளே விளக்கு எரிந்தது. என் பெயர் வந்தது. வழக்கம்போல் ஆரம்பிக்கப்போகிறாள் என்று நினைத்தேன். ஆனால் அன்றைக்கு அவள் சொன்னது இவ்வளவுதான்: "அப்பா, அவன் நேத்து ராத்திரி சாப்பிட்டானோ என்னமோ. நீரு பாத்துக்கிடும். அவனுக்குக் கத்திரிக்காப் புளிக்குழம்புன்னா ஆச." அப்புறம் ரொம்ப நேரம் பேச்சே இல்லை.

நான் எழுந்துபோய்க் கதவைத் தட்டினேன். அவ்வளவுதான் சொல்லுவேன், அதற்குமேல் எழுத வரவில்லை.

அவள் என் பாவத்தைச் சொல்லி ஜெபித்த ஜெபங்கள் வீண் என்று நான் சொல்லவில்லை. ஆண்டவர் எல்லாவற்றையும் கேட்டிருப்பார். ஆனால் என் காதுக்கு வந்து என்னை எழுப்பியது அந்தக் கத்திரிக்காய்தான்.

---

தோவாளைப் பூ

அண்ணா, ஆபீஸில் உட்கார்ந்து அழுதுகொண்டிருக்கிறேன்.

---

மணப்பாடு மகள்

நான் கத்தோலிக்க வீட்டுப் பெண். உங்கள் பாய் எங்கள் வீட்டிலும் உண்டு, அதில் நாங்கள் ஜெபமாலை சொல்வோம். சின்ன வயதில் மூன்றாவது தேவ இரகசியத்துக்கு மேல் நான் விழித்திருந்ததே கிடையாது. அம்மா மடியில் தலை, தலைக்கு மேலே "அருள் நிறைந்த மரியே" ஓடிக்கொண்டிருக்கும், மணி உருட்டாத கை என் முடியைக் கோதிக்கொண்டிருக்கும். இன்றைக்கும் ஜெபமாலை எடுத்தால் எனக்கு முதலில் வருவது அந்தக் கைதான்.

கரிசல்காட்டான் தம்பி எழுதியதைப் படித்ததும் புனித மோனிக்கா நினைவு வந்தார். அழுதே மகனைத் திருப்பிய தாய் என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். அந்தக் கதையை நன்றாகப் படித்தால், அவர் தன்னையும் வழியில் மாற்றிக்கொண்டார் என்பது தெரியும். மகன் அகுஸ்தீனார் 354-இல் வட ஆப்பிரிக்காவில் தாகஸ்தே என்ற ஊரில் பிறந்தவர். இன்றைய அல்ஜீரியா. படிக்கப் போன இடத்தில் மானிக்கேயர் என்ற வேறு மதத்தாரோடு சேர்ந்துவிட்டார். ஊர் திரும்பியபோது மோனிக்கா அவரைத் தன் வீட்டில் தங்கவும் பந்தியில் உட்காரவும் விடவில்லை. மதத்தின்மேல் அவ்வளவு பற்று. அப்புறம் மோனிக்காவுக்கு ஒரு கனவு. அவர் ஒரு மரச்சட்டத்தின்மேல் அழுதுகொண்டு நிற்க, ஒளிவீசும் ஒரு இளைஞர் வந்து, நீ இருக்கும் இடத்தில் அவனும் இருப்பான் என்று சொல்கிறார். திரும்பிப் பார்த்தால் மகன் பக்கத்தில் நிற்கிறான். அந்தக் கனவுக்குப் பிறகுதான் மறுபடியும் ஒரே மேசையில் சாப்பிட விட்டார். இதில் எனக்குப் பிடித்தது என்னவென்றால், மகன் மாறுவதற்கு இன்னும் பல வருஷம் இருந்தது. மகன் மாறும்வரை தாய் சோற்றை நிறுத்திவைக்கவில்லை.

ஒரு ஆயரிடம் போய், என் மகனோடு வாதாடித் திருத்துங்கள் என்று கெஞ்சியிருக்கிறார். அந்த ஆயர் மறுத்துவிட்டார். இப்போது அவனிடம் பேசிப் பயனில்லை, அவனை விட்டுவிடு, அவனுக்காக வேண்டிக்கொள், படிக்கப் படிக்க அவனே கண்டுகொள்வான் என்றார். மோனிக்கா விடாமல் அழ, கடைசியில் அவரும் சலித்துப்போய், இவ்வளவு கண்ணீருக்குப் பிள்ளையான ஒருவன் கெட்டுப்போக முடியாது, போ என்று அனுப்பினார். அதற்குப் பிறகும் மகன் ஒரு ராத்திரி தாயை ஏமாற்றிவிட்டுக் கார்த்தேஜிலிருந்து ரோமுக்குக் கப்பலேறினார். தாய் அப்போது பக்கத்திலிருந்த சிப்ரியான் சிற்றாலயத்தில் வேண்டிக்கொண்டிருந்தார். மகன் போகக் கூடாது என்று. கேட்டது கிடைக்கவில்லை. ஆனால் அந்தப் பயணம்தான் அவரை மிலானுக்கு, ஆயர் அம்புரோசிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது. 387 பாஸ்காவில் ஞானஸ்நானம். அதே வருஷம் ஊர் திரும்பும் வழியில் ஓஸ்தியாவில் தாய் இறந்துபோனார், தன் 56-ஆவது வயதில்.

சாகக் கிடந்தபோது மகனிடம், உன் வாயிலிருந்து என்னைப் பற்றி ஒரு கடுஞ்சொல்கூட நான் கேட்டதில்லை என்று சொன்னாராம். இத்தனை நடந்தபிறகும்!

என் கதையைச் சொல்லிவிடுகிறேன். என் மகன் சென்னையில் ஐடி வேலை. இரண்டு வருஷமாகப் பூசைக்குப் போவதில்லை. தினமும் காலை ஆறு மணிக்கு ஒரு வசனப் படம் அனுப்புவேன், கீழே "இன்றாவது யோசி" என்று எழுதுவேன். பதில் வராது. பிறகு தெரிந்தது, என் எண்ணுக்குச் சத்தமே வராமல் வைத்திருக்கிறான். அந்த ஆயர் சொன்னதுதான் எனக்கு நினைவு வந்தது. வசனம் அனுப்புவதை நிறுத்தினேன். காலை ஆறு மணிக்கு எங்கள் திருச்சிலுவைக் கோயில் இருக்கும் மணல்மேட்டில் ஏறி உட்கார்ந்து கடலைப் பார்த்து அவனுக்காக ஒரு ஐம்பத்து மூன்று மணி ஜெபமாலை சொல்கிறேன். அவனுக்கு, இன்றைக்கு என்ன மீன் வந்தது என்று மட்டும் ஒரு படம் அனுப்புவேன். போன வாரம் சீலா மீன் படத்துக்குப் பதில் வந்தது. "எனக்குக் கொஞ்சம் கருவாடு போட்டு வைங்கம்மா."

பூசைக்கு இன்னும் போகவில்லை. கருவாடு காய்கிறது.

---

விதைக்கிறவன்

கரிசல்காட்டான் தம்பி, மணப்பாட்டுச் சகோதரி, இரண்டு பேர் எழுதியதையும் இரண்டு தடவை படித்தேன். ஒரு கேள்வி மட்டும் பாக்கி இருக்கிறது. பொய் சொன்ன பிள்ளையை அப்போது எப்படித்தான் கண்டிப்பது? உண்மையாகவே கேட்கிறேன். என் சின்னவளும் இப்போது அப்படித்தான் ஆரம்பித்திருக்கிறாள்.

---

ஓய்வுநாள் பள்ளி டீச்சர்

அதற்கு நான் பதில் சொல்லிப் பார்க்கிறேன். கண்டிப்பு என்று வந்தால் சுசன்னா வெஸ்லியைவிடக் கண்டிப்பான தாயைக் காட்ட முடியாது. இங்கிலாந்தில் எப்வொர்த் என்ற ஊரில் குருவானவர் மனைவி. 19 பிள்ளைகள் பெற்றார், 10 பேர்தான் பிழைத்து வளர்ந்தார்கள். மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி, அவர் தம்பி சார்லஸ் வெஸ்லி இருவரும் அந்தப் பத்தில் சேர்த்தி. ஒரு வயதுக் குழந்தைகூடச் சத்தம்போட்டு அழக் கூடாது, மெதுவாகத்தான் அழ வேண்டும் என்று பழக்கியவர். அதை நான் ஏற்கவில்லை, இந்தக் காலத்தில் யாரும் ஏற்க வேண்டாம். ஆனால் அவர் வீட்டுச் சட்டங்களை மகன் ஜானுக்கு எழுதிக்கொடுத்திருக்கிறார், அதில் மூன்றை நான் எங்கள் டீச்சர்கள் கூட்டத்தில் எப்போதும் சொல்வேன்.

பிள்ளைகள் பொய் சொல்வதற்குப் பெரும்பாலும் தண்டனைப் பயம்தான் காரணம் என்று அவர் கண்டுபிடித்தார். அதனால் தப்பைத் தானாக ஒத்துக்கொண்டு திருந்துகிறேன் என்று சொன்ன பிள்ளையை அடிப்பதில்லை. ஒரே தப்புக்கு இரண்டு தடவை கண்டிப்பதில்லை. திருந்திவிட்டால் அதன் பிறகு அதைச் சொல்லிக்காட்டுவதே இல்லை. பாளை அம்மா, உங்கள் கேள்விக்கு இந்த மூன்றாவதுதான் பதில் என்று நினைக்கிறேன். ஜெபத்தில் வைத்துச் சொன்னாலும் அது சொல்லிக்காட்டுவதுதான். உன் சகோதரன் குற்றம் செய்தால் நீயும் அவனும் தனித்திருக்கையில் உணர்த்து என்று ஆண்டவர் மத்தேயு 18-இல் பெரியவர்களுக்கே சொல்லியிருக்கிறார். நம் பிள்ளைக்கு அந்த மரியாதையைக் கொடுக்கக் கூடாதா?

இன்னொன்றும் இருக்கிறது. அத்தனை பிள்ளைகளுக்கு நடுவில் ஒவ்வொரு பிள்ளைக்கும் வாரத்தில் ஒரு சாயங்காலம் என்று ஒதுக்கித் தனியாக உட்கார்ந்து பேசினார். ஜானுக்கு வியாழக்கிழமை, சார்லஸுக்குச் சனிக்கிழமை. ஜான் பெரியவராகி, ஆக்ஸ்போர்டில் இருந்தபோது தாய்க்குக் கடிதம் எழுதி, அந்த வியாழக்கிழமைச் சாயங்கால நேரத்தில் கொஞ்சத்தை எனக்கு ஒதுக்கித் தாருங்கள் என்று கேட்டிருக்கிறார்.

எங்கள் வகுப்பில் ஒரு பையன் இருக்கிறான், அம்மா பீடி சுற்றுகிறவர். "உனக்கு எப்ப ரொம்ப சந்தோஷமா இருக்கும்?" என்று கேட்டேன். "தட்ட மடியில இருந்து எறக்கி வச்சிட்டு எங்கம்மா என்னப் பாக்கும்போது" என்றான்.

---

நாலு மாசம்

நான் இதுவரை இங்கே எழுதினதில்லை, படிக்க மட்டும்தான் செய்வேன். நீங்கள் எல்லாரும் பிள்ளைக்காக எப்படி ஜெபிப்பது என்று பேசுகிறீர்கள். என்னால் ஜெபிக்கவே முடியவில்லை. குழந்தைக்கு நாலு மாசம். ராத்திரி மூன்று தடவை எழுகிறாள். வேதத்தைத் திறந்தால் எழுத்து ஓடுகிறது. "அப்பா பிதாவே" என்று ஆரம்பித்து அப்படியே தூங்கிவிடுகிறேன். மூன்று மாசமாகக் கோயிலுக்கும் போகவில்லை. சபையில் ஒரு பெரியம்மா, "ஆண்டவர் கொடுத்த பிள்ளைய வச்சிக்கிட்டு ஆண்டவரையே மறந்துட்டியா" என்றார்கள். ஒரு காரணமும் இல்லாமல் அழுகை வருகிறது. சில நேரம் குழந்தை அழும்போது எனக்கு ஒன்றுமே தோன்றுவதில்லை, வெறுமையாக இருக்கிறது. நான் நல்ல தாய்தானா?

---

சமாதானபுரம் ஆச்சி

ஏ மக்கா, நல்லாக் கேளு. எனக்கு எழுபத்து நாலு வயது. அஞ்சு பெற்று நாலை வளர்த்தவள். பேத்திதான் டைப் அடிக்கிறாள்.

மேலே ஐயரம்மா அன்னாளைச் சொன்னார்கள், அதில் ஒன்றை விட்டுவிட்டார்கள். சாமுவேல் பிறந்தபிறகு எல்க்கானா வருஷப் பலிக்குப் போகும்போது அன்னாள் கூடப் போகவில்லை. பிள்ளை பால் மறக்கட்டும், அப்புறம் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வீட்டில் இருந்துகொண்டாள். அந்தக் காலத்தில் இரண்டு மூன்று வருஷம் பால் கொடுப்பார்கள். அவ்வளவு வருஷம் சீலோவுக்கே போகவில்லை, அப்படி அழுது பிள்ளை கேட்டவள்! புருஷனும் உன் இஷ்டப்படி செய் என்றான். ஆண்டவரும் அவளை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அந்தப் பெரியம்மா இந்த இடத்தை ஒரு தடவை படிக்கட்டும்.

நீ "அப்பா பிதாவே" என்று சொல்லித் தூங்குகிறாயே, உன் பிள்ளை உன் மார்பில் வாய் வைத்தபடியே தூங்கினால் நீ என்ன கோபப்பட்டா இறக்கிவிடுகிறாய்? நான் கைப்பிள்ளைக்காரியாக இருந்தபோது என் மாமியார் ஒரு வழி சொன்னார்கள். துணி மடிக்கும்போது ஒவ்வொரு துணிக்கும் "இயேசுவே" என்று ஒரு தடவை சொல். அவ்வளவு போதும். அப்போதெல்லாம் ஒரு நாளைக்கு இருபது துணி இருக்கும். இருபது ஜெபம்.

---

வளைகுடா நர்ஸ்

ஆச்சி சொன்னதோடு நானும் ஒன்று சேர்க்கிறேன். நாலு மாசம் தங்கச்சி, நான் பிரசவ வார்டில் பதினோரு வருஷமாக வேலை பார்க்கிறேன். காரணமில்லாத அழுகை, வெறுமை, பிள்ளைமேல் ஒன்றும் தோன்றாமல் இருப்பது, இதெல்லாம் பிரசவத்துக்குப் பிறகு வரும் மனச்சோர்வாக இருக்கலாம். இது விசுவாசக் குறைவு இல்லை, நோய். சிகிச்சை இருக்கிறது, பால் கொடுத்துக்கொண்டே எடுக்கக்கூடிய மருந்தும் இருக்கிறது. இந்த வாரமே டாக்டரிடம் போங்கள், வீட்டுக்காரரைக் கூடக் கூட்டிக்கொண்டு போங்கள். உங்களையோ குழந்தையையோ ஏதாவது செய்துவிடலாம் என்று நினைப்பு வந்தால் ஒரு நிமிஷம்கூடத் தனியாக இருக்காதீர்கள், உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஜெபத்தை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், நீங்கள் தூங்குங்கள்.

என் மகளுக்கு ஐந்து வயது, ஊரில் என் அம்மாவோடு இருக்கிறாள். டியூட்டி முடிந்து வீடியோ காலில்தான் ஜெபம். தலையில் கை வைத்து ஜெபிக்க முடியாதே என்று நான் ஒரு நாள் அழுதேன். அதிலிருந்து அவளே போனைத் தலையில் கவிழ்த்து வைத்துக்கொள்கிறாள். எனக்குத் திரை இருட்டாகிவிடும், அவள் தலைமுடி உரசும் சத்தம் மட்டும் கேட்கும். "கர்த்தர் உன்னை ஆசீர்வதித்து உன்னைக் காக்கக்கடவர்" என்று அந்த இருட்டைப் பார்த்துச் சொல்வேன்.

---

களக்காட்டு மேகம்

நான் இந்த இழையில் எழுதலாமா என்று யோசித்தேன். நான் பெறவில்லை. எங்கள் மகள் தத்துப் பிள்ளை, இரண்டரை வயதில் வந்தாள்.

எங்கள் ஊரிலிருந்து டோனாவூர் பக்கம்தான். அயர்லாந்திலிருந்து வந்த ஏமி கார்மைக்கேல் அம்மையார் அங்கே பிள்ளைகளை வளர்த்தது எல்லாருக்கும் தெரியும். ஊர் ஊராகப் போய்ச் சுவிசேஷம் சொல்லத்தான் அவர் வந்தார். 1901-இல் சிறுமிகளைத் தேவதாசிகளாக வளர்த்த கோயில் வீட்டிலிருந்து ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி தப்பி ஓடிவந்து அவர் மடியில் ஏறினாள். அப்புறம் ஒவ்வொன்றாகப் பிள்ளைகள் வந்தார்கள், ஊர் சுற்றுவது நின்றது. பிள்ளைகள் தாயின் காலைக் கட்டிப்போடுவார்கள் என்று நம் பக்கம் சொல்வதை அவரே எடுத்து எழுதியிருக்கிறார். கட்டிப்போட விட்டுவிட்டார். 1931-இல் விழுந்து அடிபட்டபிறகு 1951-இல் இறக்கும்வரை ஏறக்குறைய இருபது வருஷம் பெரும்பாலும் படுக்கைதான். தன் கல்லறையில் கல் நாட்ட வேண்டாம் என்று சொல்லியிருந்தார். பிள்ளைகள் பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு தொட்டி மட்டும் வைத்தார்கள். அதில் தாயைக் குறிக்கும் ஒரே ஒரு சொல்தான் இருக்கிறது.

அங்கே பல பிள்ளைகளுக்குப் பிறந்த நாள் தெரியாது. அதனால் அவர்கள் வந்த நாளைக் கொண்டாடினார்கள். நாங்களும் எங்கள் மகளுக்கு அப்படிச் செய்கிறோம். அவள் வந்த முதல் மாதம் யார் தொட்டாலும் உடம்பு விறைத்துக்கொள்வாள். முழங்காலில் நிற்க வைத்தால் பயந்து அழுவாள், யாரோ முன்பு முட்டிபோட வைத்துத் தண்டித்திருக்க வேண்டும். எங்கள் குடும்ப ஜெபத்தை மூன்று மாதம் நாற்காலியில் உட்கார்ந்துதான் நடத்தினோம். ஒரு நாள் அவளாக என் மடியில் ஏறி உட்கார்ந்து, என் இரண்டு கையையும் எடுத்துத் தன் கையைச் சுற்றிக் கூப்பி வைத்தாள். எனக்குத் தெரிந்த ஜெபமெல்லாம் மறந்துபோயிற்று.

---

பெயர் வேண்டாம்

கேட்டதைக் கொடுக்காத ஜெபத்தைப் பற்றியும் யாராவது எழுத வேண்டும். என் மகன் ஒன்பது வயதில் போய்விட்டான். இரத்தப் புற்றுநோய். உபவாசம் இருந்து ஜெபித்தோம். அடக்கம் முடிந்த மறுநாள் ஒருவர் வீட்டுக்கு வந்து, ஜெபத்தில் எங்கோ தடை இருந்திருக்கிறது என்றார்.

அதற்குப் பிறகு ஒரு வருஷம் நான் வாயைத் திறந்து ஜெபிக்கவில்லை. 2 சாமுவேல் 21-இல் வருகிற ரிஸ்பாளைப் பற்றி யாரும் பிரசங்கம் பண்ணி நான் கேட்டதில்லை. அவளுடைய இரண்டு மகன்களைக் கொன்று மலையில் போட்டுவிட்டார்கள். அறுப்பின் துவக்கத்திலிருந்து மழை பெய்யும்வரை அவள் கற்பாறையில் இரட்டுத் துணி விரித்து உட்கார்ந்து, பகலில் பறவைகளையும் ராத்திரியில் மிருகங்களையும் அண்டவிடாமல் ஓட்டிக்கொண்டிருந்தாள். அவள் ஜெபித்ததாக ஒரு வார்த்தை இல்லை. விரட்டிக்கொண்டே இருந்தாள், அவ்வளவுதான். அதைக் கேட்டுத்தான் தாவீது ராஜா அந்த எலும்புகளை எடுத்து அடக்கம்பண்ணினான். நான் கல்லறைத் தோட்டத்துக்குப் போய்ப் புல் பிடுங்குவேன், ஓணான் இருந்தால் விரட்டுவேன். அதுதான் என் ஜெபம் என்று எனக்குத் தோன்றிய நாளில் முதல்முதலாகக் கொஞ்சம் மூச்சு வந்தது.

நாலு மாசம் தங்கச்சி, நர்ஸ் சொன்னதைக் கேள். தயவுசெய்து போ.

---

சமாதானபுரம் ஆச்சி

பெயர் வேண்டாம் என்று எழுதின மகளே, வளராமல் போன என் ஒரு பிள்ளைக்கு இப்போது 51 வயது இருக்கும். தினமும் நாலு பெயரோடு அவன் பெயரையும் சேர்த்துத்தான் சொல்லுவேன். யார் என்ன சொன்னாலும் விடாதே.

---

நாலு மாசம்

நேற்று டாக்டரைப் பார்த்தோம். மருந்து கொடுத்திருக்கிறார்கள். அம்மா வந்து இருக்கிறாள். நேற்று ராத்திரி ஒரே இழுப்பில் ஐந்து மணி நேரம் தூங்கினேன். துணி மடிக்கிறேன் ஆச்சி.

---

பாளை அம்மா

பத்து நாள் கழித்து வருகிறேன். எல்லாருக்கும் தனித்தனியாகப் பதில் எழுத நினைத்தேன், முடியவில்லை.

அன்றைக்கு மறுநாளே அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். "ஏசப்பாகிட்டச் சொல்றேன்னு சொல்லி உன்கிட்டதான் கோவப்பட்டேன், அது அம்மா தப்பு" என்றேன். அவன் ஒன்றும் சொல்லவில்லை, பல்லில் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தான். டீச்சர் சொன்ன வியாழக்கிழமையை நான் எடுத்துக்கொண்டேன். மாடிப்படியில் அவனும் நானும் மட்டும், இருபது நிமிஷம், போன் கீழே. முதல் வாரம் எதிர்வீட்டு நாயைப் பற்றித்தான் பேசினான்.

குறையெல்லாம் இப்போது காலையில், பாத்திரம் கழுவும்போது ஆண்டவரிடம் சொல்லிவிடுகிறேன். ராத்திரி பாயில் அவன் பெயர் வந்தால் நன்றி மட்டும்தான். முதல் நாள் நன்றி சொல்ல என்ன இருக்கிறது என்று தேட வேண்டியிருந்தது, அதைச் சொல்ல எனக்கே வெட்கமாக இருக்கிறது. தங்கச்சிக்குச் செருப்பு மாட்டிவிட்டான் என்று சொன்னேன். ஒரு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தான்.

சனிக்கிழமை சங்கீதம் வாசிக்க வேதாகமத்தைத் திறந்தால் உள்ளே நாலாக மடித்த பரீட்சைத் தாள். இருபதுக்கு ஏழு. அவனே கொண்டுவந்து வைத்திருக்கிறான். யாரும் எதுவும் பேசவில்லை. அன்றைக்கு அவன் முறை வந்தபோது, "ஏசப்பா, கழித்தல் கணக்கு எனக்கு வரல. அம்மாவுக்குக் கால்வலி போகணும். ஆமென்" என்றான்.

---

சமாதானபுரம் ஆச்சி

அந்தத் தாளை என்ன செய்தாய் மக்கா?

---

பாளை அம்மா

வைத்துக்கொள்ளத்தான் ஆசை ஆச்சி. டீச்சர் கையெழுத்துக் கேட்டிருந்தார்கள், போட்டு அனுப்பிவிட்டேன். இன்றைக்கு வியாழன், அவன் மாடிப்படியில் கழித்தல் கணக்கு நோட்டோடு உட்கார்ந்திருக்கிறான். போய்விட்டு வருகிறேன்.